மேர்த்தா வயலில் இரண்டு சம்பந்திகள்

என் அப்பாவும் மாமனாரும் ஐந்து மாதம் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. காரணம், ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறில் ராஜஸ்தானில் மேர்த்தா என்ற ஊரில் மராட்டியருக்கும் ராஜபுத்திரருக்கும் நடந்த ஒரு சண்டை.

நாங்கள் வேலூர்க்காரர்கள். செஞ்சிக் கோட்டைக் காவலுக்கு வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரச் சிப்பாய்களின் வழி என்பார்கள். வீட்டில் பேசுவது இந்தி என்று நாங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறோம், பாதி தமிழ்தான். என் வீட்டுக்காரர் ஆரணி. அவருடைய ஆட்கள் மராட்டியக் குதிரைப்படையோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். அவர்கள் பேசும் மராட்டியும் கிட்டத்தட்ட அந்த லட்சணம்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் அவர் கட்டிங்கிலும் நான் தையலிலும் இருந்தபோது பழகி, கல்யாணம் செய்துகொண்டோம். அம்மா மட்டும், "எப்படியும் சப்பாத்தி சுடத் தெரிஞ்ச வீடுதான்" என்று சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டாள்.

எங்கள் மகளின் முதல் பிறந்தநாளன்று ஆம்பூர் வீட்டில் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்களோடு இருக்கும் மாமா போனில் ஏதோ வீடியோ பார்த்திருந்தார் போல. இலை முன்னால் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"சம்பந்தி, மேர்த்தாவுல எங்க ஆளுங்க உங்க ஆளுங்கள இன்னா பண்ணாங்க தெரியுமா? விடிகாலைல உங்காளுங்க நல்லா தூக்கத்துல இருந்தாங்களாம். பீரங்கிய வெச்சு ஒரே அடி! முடிஞ்சுது ராஜபுத்திர வீரம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா" என்று கிளம்பிப் போய்விட்டார்.

அப்பா முப்பது வருஷம் தோல் பதனிடும் ஷாப்பில், தோலை ஊறப்போட்டுச் சுற்றும் டிரம் ஓட்டியவர். சுண்ணாம்பு தின்ற விரல்கள். அங்கே யாரிடமும் அவர் தன் முன்னோர் கதையைச் சொன்னதில்லை. சொன்னால் கிண்டல் செய்வார்கள் என்று தெரியும். சின்ன வயதில் என்னைத் தூங்கவைக்கும்போது மட்டும் சொல்வார், எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் ஒருவனிடம் வெள்ளைக் குதிரை இருந்தது என்று. அதை அவர் வேறு யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தார். அந்தக் குதிரைமேல்தான் மாமாவின் பேச்சு போய் விழுந்தது.

அதன்பிறகு அப்பா எங்கள் வீட்டு வாசல்படி ஏறவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வருவார். போன் செய்வார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். பெஞ்சில் உட்கார்ந்து பேத்தியை அரைமணி நேரம் மடியில் வைத்திருப்பார். அடுத்த வேலூர் பஸ்ஸில் ஏறிவிடுவார்.

எங்கே போகிறேன் என்று மாமா கேட்டபோது, ஒருநாள் உண்மையைச் சொல்லிவிட்டேன். மறு ஞாயிற்றுக்கிழமை, "நானும் வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். மாமா பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அன்னிக்கு பாதிதான் கேட்டுட்டு உளறிட்டேன் சம்பந்தி. மீதிய இப்பதான் கேட்டேன். தூங்கிட்டு இருந்தவங்க எழுந்து, சாகத் துணிஞ்சு காவி கட்டிக்கினு, பீரங்கின்னு தெரிஞ்சே அதும்மேல குதிரைய விட்டாங்களாமே. குதிரை உழுந்தவங்க இறங்கி நின்னும் சண்டை போட்டாங்களாம். ஓடலையாம்."

"தெரியும்" என்றார் அப்பா.

"தப்பா பேசிட்டேன். வாங்க, ரெண்டு பேருமா போய் அந்த எடத்த பாத்துட்டு வருவோம்."

அப்பா குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டபடி இருந்தார். பிறகு, "குளுரு ஜாஸ்தியா இருக்கும். ஸ்வெட்டர் இருக்குதா உங்களுக்கு?" என்று கேட்டார்.

தை மாதம் லீவு போட்டு, அப்பா, மாமா, நாங்கள் இரண்டு பேர், குழந்தை என்று ஐந்து பேரும் சென்னை போய் ரயில் ஏறினோம். மேர்த்தாவில் ஓர் ஆட்டோக்காரர் ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கி, "இங்கேதான்" என்று கை காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் சீரக வயல். ஓரத்தில் குதிரைவீரன் செதுக்கிய பழைய கல் ஒன்று சாய்ந்து நின்றது. தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டார். அப்பா தன் இந்தியில் நீளமாக விளக்கினார். மாமா தன் மராட்டியில் எடுத்துக்கொடுத்தார். வயல்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மதராசா?" என்றார்.

இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

மாமா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அந்தக் கல்லைச் சுற்றி நடந்தார். அப்பா, "முள்ளு இருக்கும், போட்டுக்கங்க" என்றார். அவர் கேட்கவில்லை. நாலாவது அடியிலேயே "ஐயோ" என்று உட்கார்ந்துவிட்டார்.

அப்பா என்னிடம் ஊக்கு வாங்கிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு, மாமாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"ஆடாதீங்க சம்பந்தி."

"உங்காளுங்க எனக்குன்னே முள்ள நட்டு வெச்சிக்கிறாங்க."

அப்பா சிரித்துவிட்டார். சிரிப்பில் ஊக்கு நழுவ, மாமா மறுபடி கத்தினார். முள் வெளியே வந்தபோது ரெண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது. மாமா வயலைப் பார்த்தபடி, "எல்லாம் சின்னப் பசங்களா இருந்திருப்பாங்க இல்ல?" என்றார்.

"உங்க பக்கமும் அப்படித்தானே" என்றார் அப்பா.

ஊர் திரும்புவதற்குள் மாமாவின் பாதம் வீங்கிவிட்டது. ஆம்பூரில் டாக்டர் கட்டுப் போட்டு அனுப்பினார். அப்பா வேலூருக்குப் போகவில்லை. எனக்குக் கல்யாணமானதிலிருந்து ஒருநாள்கூட எங்கள் வீட்டில் தங்காத மனுஷர், அந்தத் தடவை ஆறு நாள் இருந்தார். காலையில் நான் கம்பெனிக்குக் கிளம்பும்போது, வெந்நீர்ப் பக்கெட்டில் மாமாவின் கால் இருக்கும். பக்கத்தில் முக்காலியில் அப்பா, துணியைப் பிழிந்துகொண்டு.