பத்தொன்பதாவது இதழ்

லோகநாதனுக்குப் பிடித்த பைத்தியம் வேலப்பன்சாவடியில் வேறு யாருக்கும் பிடித்ததில்லை. ஊரில் மற்றவர்கள் நிலத்துக்கும் மாட்டுக்கும் ஆசைப்பட்டார்கள். இவர் பழைய காகிதத்துக்கு ஆசைப்பட்டார். எண்பது வருஷத்துக்கு முன்னால் லண்டனில் மாதம் ஓர் இதழாக வெளிவந்த நாவல் அது. பிற்பாடு தடித்த புத்தகமாக எத்தனையோ தடவை அச்சடித்துவிட்டார்கள். அதெல்லாம் இவருக்கு வேண்டாம். முதலில் வந்த மெல்லிய இதழ்கள்தான் வேண்டும். வெளிர்நீல அட்டையும் கூந்தல் தைல விளம்பரமும் அன்று வந்தபடியே இருக்க வேண்டும். மொத்தம் பத்தொன்பது.

பூந்தமல்லிப் பட்டாளத்து மருந்துக் கிடங்கில் அவருக்குக் குமாஸ்தா வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் மூர்மார்க்கெட், இல்லாவிட்டால் செத்துப்போன வெள்ளைக்காரனின் சாமான்கள் ஏலம் போகிற இடம். பன்னிரண்டு வருஷம் நாயாய் அலைந்து பதினெட்டைச் சேர்த்தார். கடைசி இதழ் மட்டும் அகப்படவில்லை. கதையின் முடிவு அதில்தான் இருந்தது. வேறு பதிப்பில் படித்துத் தொலைக்கலாமே என்றால் மனிதர் கேட்பாரா? முடிவு தெரியாமலே காலம் தள்ளினார். பதினெட்டையும் வசம்பு போட்டுத் தகரப் பெட்டியில் பூட்டி, சாவியைச் சாமி மாடத்தில் வைத்திருந்தார். கையைக் கழுவித் துடைக்காமல் அவரே தொடமாட்டார்.

தேடிய இதழ் கடைசியில் கிடங்கின் டாக்டர் துரையிடமே இருந்தது. துரை வேலை முடிந்து சீமைக்குக் கிளம்பும் நேரம். சரஸ்வதி பூஜையன்று தம் புத்தகங்களைப் பெட்டிகளில் அடுக்கித் தந்தால் அதைக் கொடுப்பதாகச் சொல்லி லோகநாதனைக் கூப்பிட்டார். பண்டிகையும் அதுவுமாக யார் போவார்கள்? இவர் போனார். நாள் முழுக்க அடுக்கி முடித்ததும் துரை அந்த இதழை எடுத்து நீட்டினார்.

"இந்தத் தேசத்தில் கறைபடாத முழுத் தொகுப்பு ஒன்றை நான் பார்த்ததே இல்லை. உங்கள் ஆட்களுக்குக் காகிதத்தைக் காப்பாற்றத் தெரியாது. நாளைக் காலை துறைமுகம் போகிற வழியில் உன் வீட்டில் நிற்கிறேன். காட்டு."

லோகநாதனுக்குச் சுருக்கென்றது. நாளைக்கு வந்து பார்க்கட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். இதழைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்தபடி மூன்று மைல் நடந்தார். வழியில் பிரிக்கவில்லை. சரஸ்வதி பூஜையன்று புத்தகம் படிக்கக்கூடாது. மறுநாள் புனர்பூஜை ஆனதும் முடிவைப் படித்துவிடலாம் என்று பொறுத்துக்கொண்டார்.

வீட்டில் பூஜைப் பலகைமேல் பதினெட்டு இதழ்களும் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு நீல அட்டையிலும் நடுவில் ஈர மஞ்சள், அதன்மேல் குங்குமம். சில அட்டைகளில் மஞ்சள் ஓரம்வரை ஊறியிருந்தது. வருஷா வருஷம் ஒரு கிழிந்த அகராதியைப் பூஜைக்குக் கொடுத்து ஒப்பேற்றி வந்தவர், இந்த வருஷம் அவசரத்தில் அதை எடுத்து வைக்க மறந்து போயிருந்தார்.

"வந்துட்டீங்களா? கெடச்சிதா?" என்று ஓடிவந்தாள் மனைவி நாகவல்லி. "பொட்டில போட்டுப் பூட்டிகினே இருந்தா சரஸ்வதி எப்டிங்க கண்ணத் தொறப்பா? அதான் எல்லாத்தயும் எடுத்து மஞ்ச வச்சேன். அந்தக் கடைசி ஒண்ணு கெடைக்கணும்னு காலைலேர்ந்து பச்சத்தண்ணி பல்லுல படாம வேண்டிகினு கீறேன்."

அவள் முகத்தில் பசிக்களைப்பு இருந்தது. அதற்கு மேல் பெருமையும் இருந்தது. அவளை என்ன சொல்வது?

"கெடச்சிது" என்றார் லோகநாதன். பிறகு கொல்லைக்குப் போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து, சத்தம் வராமல் அழுதார்.

மறுநாள் புனர்பூஜைக்கு முன்பே துரையின் கார் வந்துவிட்டது. லோகநாதன் வாசலுக்கு ஓடினார். உள்ளே விட்டால் துரை மஞ்சளைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நாகவல்லி பார்ப்பாள்.

"எல்லாவற்றையும் கறையான் அரித்துவிட்டது, துரை" என்று இங்கிலீஷில் சொன்னார்.

துரை ஆச்சரியப்படவில்லை. "நான்தான் சொன்னேனே" என்றார். பிறகு கார் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். தொகுப்பே இல்லாதவனுக்குக் கடைசி இதழ் எதற்கு? லோகநாதன் உள்ளே போய், துண்டுகூடப் பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

கார் போனதும் நாகவல்லி வந்து நின்றாள். "இன்னாங்க, அவருகிட்டயே குடுத்துட்டீங்க?"

"படிக்கக் கேட்டாரு. திருப்பி அனுப்புவாரு."

அடுத்த வருஷ சரஸ்வதி பூஜைக்கு அவளே பெட்டியைத் திறந்து பதினெட்டுக்கும் மஞ்சள் வைத்தாள். துரை அனுப்பப்போகிற இதழுக்காகப் பலகையில் ஓர் இடம் விட்டு, அங்கேயும் ஒரு பூ வைத்தாள்.