மானகிரிக்காரரைத் திருப்பியனுப்பிய ஞாயிறு

ஒன்பது வயதில் எனக்கிருந்த பொறாமையைப் பங்கு போட்டிருந்தால் காரைக்குடிக்கே ஆளுக்குக் கொஞ்சம் கிடைத்திருக்கும். காரணம் அண்ணன். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன் ஹாஸ்டலிலிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து வீடு என்று வந்து சேர்ந்தான். காய்ச்சல் என்றார்கள். என் பிறந்தநாளுக்கெல்லாம் சவூதியிலிருந்து போனில் முத்தம் மட்டும் அனுப்பும் அத்தா, அவன் காய்ச்சலுக்கு விமானமேறி வந்தார். வந்ததும் முதல் வேலையாக அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றினார். எனக்குத் தனி அறையே கிடையாது. இருந்தாலும் என் தாழ்ப்பாளையும் கழற்றச் சொல்லி உருண்டு அழுதேன்.

போதாததற்கு அவன் ஹாஸ்டல் நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு தினம் ஒருவராக வந்து அவனோடு கேரம் ஆடினார்கள். கீழே விழும் காயைப் பொறுக்க மட்டும் நான்.

ஒரு ஞாயிறு கானாடுகாத்தானில் கல்யாணம். அன்றைய முறைக்காரரான மானகிரி நண்பர் கிளம்பிவிட்டதாகப் போன் செய்த பிறகே அத்தாவும் அம்மாவும் புறப்பட்டார்கள். நான் பிரியாணியையே துறந்து வீட்டில் நின்றுகொண்டேன். வாசலில் பைக் சத்தம் கேட்டதும் ஓடினேன்.

“அண்ணே இல்ல. அத்தா கூடக் கல்யாணத்துக்குப் போயிருச்சு.”

“எங்கிட்டச் சொல்லலையே பாப்பா?”

“எதுக்குச் சொல்லணும்? நீங்க என்ன கூடப் பொறந்தவுகளா?”

அவர் போய்விட்டார். நான் கேரம் பலகையை இழுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

“இன்னைக்கு என் முறை.”

“போடி, தலை வலிக்குது.”

“தலையாலயா ஆடப் போற?”

எழுந்து உட்கார்ந்தான். நான் சிவப்புக் காயைப் பாவாடைக்குள் ஒளித்ததைக் கண்டுபிடித்து, பல் தெரியச் சிரித்தான்.

அதற்குள் மானகிரிக்காரர், வழியில் ஏதோ உறுத்தி, அத்தாவுக்குப் போன் போட்டிருக்கிறார். முதலில் அவர்தான் ஓடிவந்தார். அண்ணனைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே காரில் அத்தாவும், செருப்பில்லாமல் அம்மாவும். அம்மா எனக்கு ஓர் அறை கொடுத்துவிட்டு, அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

“அடி எனக்கு, கட்டிப்புடிக்கிறது அவனுக்கா?” என்று கத்தினேன்.

அண்ணன் ஒரு கையை நீட்டி என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டான். “அடிக்காதம்மா. இன்னைக்கு இவ முறைதான்.”

ஹாஸ்டலில் அவன் சாகத் துணிந்ததையும், அந்த நண்பர்கள்தான் தூக்கிக்கொண்டு ஓடிக் காப்பாற்றியதையும், பல வருடம் கழித்து என்னைக் கல்லூரியில் சேர்க்க வந்த அன்று அண்ணனே சொன்னான். சிவப்புக் காயைத் திருடியதற்குத்தான் அந்த அறை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அந்தக் கல்யாணத்துக்கு மறுவாரத்திலிருந்தே ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று ஆகியிருந்தது. எதற்கான முறை என்று யாரும் சொல்லவில்லை. கேரத்துக்குத்தான் என்று நம்பி, ஒரு வாரம்கூட விடாமல் அவனைத் தோற்கடிக்கப் போனேன்.