ஜூலிக்கு வைத்த பத்தியம்

அறுபதுகளின் நடுவில் பம்பாய் செம்பூரில், வரிசை வீடுகள் கொண்ட ஒரு சாலில் குடியிருந்தோம். கணவருக்குத் தாராவியில் மளிகைக் கடை. வீட்டில் நான், மாமியார், மூன்று வயது மகள், அப்புறம் ஜூலி என்ற வெள்ளைப் பொமரேனியன் நாய்.

ஜூலி குட்டி போட வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. பக்கத்துத் தெருவில் ஆண் நாய் வைத்திருந்த பார்சி அம்மாள் அதற்குப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. முதல் தடவை பருவத்துக்கு வந்ததும் கூட்டிப் போனேன். "அபி பச்சி ஹை", இன்னும் குழந்தை என்று திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த பருவம் வரை காக்க வைத்து, பூச்சி மருந்து கொடுக்கச் சொல்லி, இரத்தப்போக்கு வெளிறும் நாள் பார்த்துத்தான் சேர்த்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு சோதிக்கவில்லை.

ஐந்து குட்டிகள் பிறந்தன. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்குப் பேறுகாலத்தில் பார்த்ததையெல்லாம் ஜூலிக்கும் பார்த்தார். முட்டை, எலும்பு கிடையாது. பாலையும் தயிரையும் கண்ணில் காட்டக் கூடாது. பூண்டு ரசம் விட்டுக் குழைத்த சோறும் சுக்குத் தண்ணீரும்தான். "தாய் குளுந்ததத் தின்னா பிள்ளைகளுக்குல்லா சளி புடிக்கும்" என்பார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

குட்டிகள் கண் திறந்து தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிய சமயம். ஒரு மத்தியானம் ஜூலி நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வந்தது. மூச்சு இரைத்தது. கால்கள் கட்டைபோல விறைத்தன. பிறகு தொப்பென்று விழுந்து, உடம்பு வெட்டி வெட்டி இழுக்க, வாயில் நுரை தள்ளியது. கண்கள் எங்கோ குத்திட்டு நின்றன. அன்று காலையில்தான் அது மகளின் கையை நக்கியிருந்தது. அவள் விரலில் கீறல் வேறு இருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு மாமியாரோடு வெளியே பாய்ந்து கதவைத் தாழிட்டேன். உள்ளே குட்டிகள் கத்தின. சாலே திரண்டுவிட்டது.

"வெறி புடிச்சிட்டு, வேற ஒண்ணுமில்ல" என்றார் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. நாலைந்து பேர் கையில் தடி. குட்டிகளையும் விட்டு வைக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னார். வெறிநாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகள் நினைவுக்கு வந்தன. மகளின் வயிற்றை முந்தானையால் பொத்திக்கொண்டேன். ஊசிக்கும் மிஞ்சிப் போய்விட்டால்?

"அண்ணாச்சி, நான் வார வரைக்கும் கதவத் தொறக்காதிய. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்" என்றேன். மாமியார் கதவை மறித்து உட்கார்ந்துகொண்டார். மகளை இடுக்கிக்கொண்டு அந்த வெயிலில் பார்சி அம்மாள் வீட்டுக்கு ஓடினேன். திரும்புவதற்குள் ஜூலியை அடித்துவிடுவார்களோ என்று ஒரு பயம். அது நிஜமாகவே வெறியாக இருந்தால் என் பிள்ளை என்ன ஆவாள் என்று அதைவிடப் பெரிய பயம்.

அந்த அம்மாள் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு, வழியில் கால்நடை டாக்டரையும் அழைத்துக்கொண்டார். டாக்டர் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நாய்க்கு என்ன சாப்பாடு என்றுதான் முதலில் கேட்டார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் பத்தியத்தைச் சொன்னேன். பார்சி அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

டாக்டர் உள்ளே போய், காலில் நரம்பு தேடி, கால்சியம் மருந்தை மெல்ல மெல்ல ஏற்றினார். மருந்து ஏற ஏற இழுப்பு தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் ஜூலி எழுந்து, தள்ளாடியபடியே குட்டிகளை மோந்து பார்க்கப் போனது. இது வெறியே இல்லை, மகளுக்கு ஊசி வேண்டாம் என்றார் டாக்டர். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். தடிகள் எப்போது மறைந்தன என்றே தெரியவில்லை.

பால் கொடுக்கும் தாய் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக் கொடுப்பாள், நாம் அதைச் சாப்பாட்டில் திருப்பிக் கொடுக்காவிட்டால் இப்படி ஆகும் என்று அவர் விளக்கினார். மாமியார் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மகள் பிறந்த சமயம் நான் மயங்கி மயங்கி விழுந்ததும், காத்துக் கருப்பு என்று எனக்கு வேப்பிலை அடித்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

இன்றைக்கும், பிள்ளை பெற்றவள் நடுங்குகிறாள், எரிந்து விழுகிறாள் என்று யாராவது வந்து சொன்னால், "அவளுக்குச் சாப்பிட என்ன குடுக்கிய?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.