யன்னல் பொத்தானுக்கு வைத்த சந்தனம்

மாங்குளம் சந்தியில் எனக்கொரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோக் கொப்பி, டைப்பிங், அடையாள அட்டைக்குப் படம், வெளிநாட்டுக்கு வீடியோக் கோல். இத்தனைக்கும் ஒரே ஒரு கொம்பியூட்டர். வயதான பெட்டிதான், ஆனால் அதில் எந்த மூலையில் எது இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டுக் குசினியில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் திணறுவேன்.

அப்படி நிம்மதியாக இருந்தவன், பெட்டிக்குள் விசிறி இரைகிறது என்று அதை வவுனியாவுக்குத் திருத்தக் கொண்டுபோனேன். திருத்தியவர் விசிறியோடு நிற்கவில்லை.

"அண்ணை, புது ஒபரேட்டிங் சிஸ்டம் வந்திருக்கு. போட்டுவிடட்டோ? இனி மவுசுக்கு வேலையில்லை. எல்லாம் விரலாலதான். தொட்டாச் சரி."

நான் தலையாட்டினேன். தொடுவதற்கென்று செய்த திரையும் வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் ஆகிவிடுவேனே.

கடைக்குக் கொண்டுவந்து போட்டேன். பழைய திரையைக் காணவில்லை. மாபிள் பதித்த குளியலறைச் சுவர்மாதிரிக் கலர்கலராகச் சதுரங்கள். ஒன்றில் சமையல், ஒன்றில் பந்தடி, ஒன்றில் ஏதோ ஊர் தெரியாத ஊரின் வெயில் மழை. எல்லாவற்றுக்கும் தாய்வீடாக இடதுபக்க மூலையில் இருந்த ஸ்டார்ட் பட்டன் இல்லை. சதுரம் ஒன்றை விரலால் தொட்டேன். அசையவில்லை. அழுத்தினேன். மொனிட்டர்தான் பின்னால் சாய்ந்தது.

பிழை என் விரலில் என்று நினைத்தேன். வயலில் வரம்பு கட்டிக் காய்த்துப்போன விரல். சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். நகம் வெட்டினேன். தேங்காய் எண்ணெய் பூசினேன். பிறகு சதுரமெல்லாம் மினுங்கியதே தவிரத் திறக்கவில்லை. நல்லவேளை, மவுசையும் கழற்றி எறியாமல் வைத்திருந்தேன்.

இதையெல்லாம் எதிரே சீமெந்தும் ஆணியும் விற்கிற நானா தன் கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முல்லைத்தீவில் இருந்து மற்ற முஸ்லிம் சனத்தோடு இடம்பெயர்ந்து, புத்தளத்தில் கனகாலம் இருந்து, திரும்பி வந்து கடை போட்டவர். வாய்க்கு வரி கட்டாதவர்.

"என்ன தம்பி, மொனிட்டருக்கு எண்ணெய் தேய்ச்சுத் தலைமுழுக வாக்கிறியோ?"

"நானா, இது புதுசு. பழகினாப் பிறகு ஆரும் பழசைத் தேடாயினம். இதுதான் வெல்லும்."

"வெல்லாது. நான் ஆணிப்பெட்டியை எப்பவும் மேசைக்குக் கீழ வைக்கிறன். நாளைக்கு அதைக் கூரைக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டு, இதுதான் புது நாகரிகம் எண்டு சொன்னா, மேசன்மார் என்ரை தலையிலதான் ஆணி அடிப்பாங்கள்."

சந்தி முழுக்க இதே வழக்குத்தான். நான் வெல்லும் என்றேன். நானா வெல்லாது என்றார். எனக்கு உள்ளுக்குள் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. அதனாலேயே சத்தமாக வாதாடினேன்.

அந்தச் சத்தம் என் அக்காவின் காதுக்குப் போனதுதான் வினை.

அக்காவின் வீடு சந்தியில் இருந்து உள்ளே, வயல் பக்கம். வீட்டுத்திட்டத்தில் பாதி எழும்பி நின்றதை மகன் சுவிஸில் இருந்து காசு அனுப்பி முடித்து வைத்தான். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். அவனுடைய அகதி வழக்கு முடியவில்லை. முடியும்வரை அந்த நாட்டை விட்டு வெளியே கால் வைக்க ஏலாது. கூரை போட்டபோதும் இல்லை, கதவு பூட்டியபோதும் இல்லை. குடிபுகலுக்குப் பால் காய்ச்சுவதையாவது அவன் பார்க்க வேண்டும் என்று அக்கா நின்றா.

"தம்பி, உன்ரை புதுச் சாமானைக் கொண்டு வா. பால் பொங்கிறதைப் பிள்ளை பாக்கவேணும். வேறை ஒண்டும் நான் உன்னட்டைக் கேக்கேல்லை."

"உதென்ன பெரிய வேலையே அக்கா? ஒரு தொடுகை!" என்றேன். நாக்கை அறுத்து வயலுக்குப் பசளையாகப் போட்டிருக்கலாம்.

குடிபுகல் அன்று காலையில் நானாவின் லாண்ட்மாஸ்டர் என்ற கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கொம்பியூட்டர், மொனிட்டர், யூ.பி.எஸ். எல்லாவற்றையும் ஏற்றினோம். மொனிட்டரை நான் மடியில் வைத்துக் கட்டிப்பிடித்திருந்தேன். வழியில் பார்த்த ஒருவர், "ஆருக்குக் கொண்டுபோறியள், சீதனமோ?" என்று கேட்டார்.

அக்காவின் வீட்டு மண்டபத்தில் மேசை போட்டு எல்லாவற்றையும் பொருத்தினேன். இன்ரநெற் டொங்கிளை நீட்டு வயரில் கட்டி முற்றத்து முருங்கையில் தொங்கவிட்டேன். அந்தப் பக்கத்தில் சிக்னல் அங்கேதான் இறங்கும். கமெராவை மொனிட்டரின் தலையில் கொழுவி, அடுப்பைப் பார்க்கத் திருப்பினேன். சுபநேரம் ஒன்பதில் இருந்து ஒன்பதரை. சுவிஸில் அப்போது விடியற்காலை. அக்காவின் மகன், என் மருமகன், வேலையால் வந்து படுக்காமல் காத்திருந்தான். கோல் எடுத்தேன். படம் வந்தது. கம்பளித் தொப்பியும் தூங்காத கண்ணுமாக அவன்!

"மாமா, தெரியுது! அம்மா எங்கை?"

"பொறு ராசா, வாறா."

என் வாழ்க்கையில் நான் நெஞ்சை நிமிர்த்தி நின்ற நேரம் அவ்வளவுதான். பிறகு ஐயர் மந்திரத்துக்கு இடைஞ்சல் என்றார், ஸ்பீக்கரை நிற்பாட்டினேன். நானாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் குசினிக்குப் போனேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வந்திருக்கிறா. குடிபுகலுக்கு ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு யன்னலுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். தண்ணி மோட்டருக்கும் வைத்தா. மேசைக்கு வந்தபோது மொனிட்டரின் தலையில் கறுப்பாக, வட்டமாக, நெற்றிமாதிரி ஒன்று இருந்தது. அதற்கு ஒன்று. கீபோட்டில் ஒரு பொத்தானில் குட்டி யன்னல் படம் போட்டிருந்தது. யன்னல் என்றால் யன்னல்தானே? அதற்கும் ஒன்று, நன்றாக அமர்த்தி.

இது எனக்குப் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், நான் திரும்பி வந்தபோது மருமகன் இல்லை, குளியலறைச் சுவர் நின்றது என்பதுதான்.

அடுப்பில் பால் சூடாகத் தொடங்கியிருந்தது.

மவுசை இடது மூலைக்குக் கொண்டுபோனேன். ஏதோ எட்டிப்பார்த்து ஒளிந்தது. வலது மூலைக்குக் கொண்டுபோனேன். பக்கவாட்டில் ஒரு பட்டி வழுக்கிவந்து, நேரத்தைக் காட்டிவிட்டுப் போனது. எனக்கு நேரம் காட்டுவதற்கு ஐயர் ஏற்கெனவே கையைத் திருப்பித் திருப்பி மணிக்கூடு பார்த்துக்கொண்டிருந்தார். சதுரம் ஒன்றை அமர்த்தினேன். பாஸ்தா சமைக்கும் விதம் வந்தது. இன்னொன்று, பந்தடி முடிவு. இன்னொன்று, ஊர் தெரியாத ஊரில் பனி கொட்டியது.

"தம்பி, பிள்ளை எங்கை?"

"வாறான் அக்கா. இந்தா வாறான்."

"தொட்டுப் பாரன். நீதானே தொட்டாச் சரியெண்டு சொன்னனீ?"

தொட்டேன். பத்து விரலாலும் தொட்டேன். அயலவர்களும் ஆளுக்கொரு சதுரத்தில் தங்கள் விரலைப் பரீட்சித்தார்கள். ஒருவர் முழங்கையாலும் முயன்றார். என் இடுப்பில் போன் அடித்தது. பார்த்தேன், ஒழுங்கில்லாத நீட்டு நம்பர். ஏதோ பரிசு விழுந்திருக்கிறது என்று ஏமாற்றுகிறவர்களாக்கும் என்று வெட்டினேன். திரும்ப அடித்தது. திரும்ப வெட்டினேன்.

"சனியன்! உயிர் போற நேரத்திலதான் இவங்களுக்குப் பரிசு விழும்!"

பால் ஓரத்தில் நுரைத்தது. அக்கா விறகை வெளியே இழுத்தா. பால் அடங்கியது. ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். அக்கா விறகைத் தள்ளினா. பால் ஏறியது. என்னைப் பார்த்தா. நான் பாஸ்தாவைப் பார்த்தேன். அக்கா விறகை இழுத்தா. இப்படி ஒரு பாலை நான் கண்டதில்லை. பொங்கவும் விடாமல், ஆறவும் விடாமல், என்னோடு சேர்ந்து அதுவும் தவித்தது.

பயத்தில் எனக்கு வாய் திறந்துகொண்டது. ஒபரேட்டிங் சிஸ்டத்தை ஏசினேன். வவுனியாக்காரரை ஏசினேன். நேரத்துக்குக் கோலில் நிற்காத மருமகனையும், "அந்தக் கம்பளித் தொப்பிக்காரன்" என்று தொடங்கிக் கொஞ்சம் ஏசினேன். பிள்ளையாருக்கு நேர்ந்தேன். மேசைக்குக் கீழே புகுந்து, வயர்களுக்கு நடுவில் சும்மா ஒரு நிமிடம் இருந்தேன். அங்கே வேலை ஒன்றும் இல்லை. அக்காவின் முகம் தெரியாத இடம் அது ஒன்றுதான்.

"இனி நேரம் போயிடும் அம்மா," என்றார் ஐயர்.

அக்கா விறகைத் தள்ளினா. பால் வழிந்து அடுப்பில் சீறியது. எல்லோரும் "பொங்கீட்டுது!" என்றார்கள். அக்கா பாலைப் பார்க்கவில்லை. திரையில் கொட்டுகிற பனியைப் பார்த்தபடி நின்றா. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தா. புகை என்று சொன்னா.

போன் மறுபடி அடித்தது.

"அதை எடுங்கோ தம்பி, அதுவும் அழுதுகொண்டெல்லோ கிடக்குது," என்றார் ஐயர்.

எடுத்தேன்.

"மாமா! ஏன் மாமா வெட்டி வெட்டி விடுறியள்? நான் கோலிலதான் நிக்கிறன். நீங்கள் ஏசினதெல்லாம் கேட்டுது. தொப்பிக்கு என்ன குறை?"

"ராசா, அப்ப பாலைப் பாத்தனியோ?"

"எங்கை பாத்தது? சந்தன நிறத்தில ஒரு சுவர்தான் தெரியுது. உள்ள நல்ல வெளிச்சம்போல."

எல்லோரும் மொனிட்டரின் தலையைப் பார்த்தோம். நெற்றி நிறையச் சந்தனத்தோடு கமெரா கோயிலுக்குப் போய்வந்தவன்போல நின்றது. நானா வாயைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார்.

"பதறாதேங்கோ மாமா. கீபோட்டில யன்னல் பொத்தான் ஒண்டு இருக்கும். அதைத் திரும்ப ஒருக்கா அமத்துங்கோ."

சந்தனம் காய்ந்திருந்த பொத்தானை அமர்த்தினேன். சுவர் விலகியது. பின்னால் மருமகன், போன மாதிரியே, தொப்பியோடு இருந்தான். முழு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறான். நான் ஸ்பீக்கரைத் திரும்பப் போட்டேன். அக்கா முந்தானையால் கமெராவைத் துடைத்தா.

"பொங்கீட்டுது ராசா. நீ பாக்கேல்லை," என்றா.

நான் திரும்ப மேசைக்குக் கீழே போகலாமா என்று யோசித்தேன். அப்போது ஐயர் தொண்டையைச் செருமினார்.

"வீடு ஆற்றை காசில கட்டினது?"

"பிள்ளையின்ரை," என்றா அக்கா.

"அப்ப பிள்ளை இருக்கிற இடத்து நேரமும் பாக்கத்தானே வேணும்? அங்க இப்ப எத்தினை மணி?"

"ஆறு ஐயா," என்றான் மருமகன்.

"அப்ப அங்க இன்னும் ஒன்பது ஆகேல்லை. சுபநேரம் வரேல்லை. பால் மிச்சம் இருக்கோ?"

இந்தச் சாத்திரம் எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. நானா பால் வாங்க லாண்ட்மாஸ்டரில் பறந்தார். மத்தியானம் தாண்டி, சுவிஸ் நேரம் ஒன்பதுக்குமேல், எங்கள் ஊரின் இரண்டாவது பால் பொங்கியது. இந்தமுறை நான் எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கீபோட்டில் இருந்து விலகி நின்றேன். மருமகன் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அக்கா திரையில் அவன் கன்னத்தில் கையை வைத்தா. அவன் அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தான். இது தொடுகிற திரை இல்லை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"சும்மா இரு தம்பி," என்றார் நானா. "வேலை செய்யுது."

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் கொம்பியூட்டரை நிற்பாட்ட வேண்டும் அல்லவா? நிற்பாட்டுகிற பொத்தானையும் எங்கேயோ ஒளித்து வைத்திருந்தார்கள். மூலைமூலையாகத் தேடினேன். மருமகன் சொல்லித்தர வாயெடுத்தான். அதற்குள் நான் சுவரில் இருந்த பிளக்கை இழுத்துவிட்டேன். யூ.பி.எஸ். கீகீ என்று கத்தத் தொடங்கியது. கொம்பியூட்டர் நிற்கவில்லை.

"அப்பிடியே ஏத்து தம்பி. போற வழியில தானாச் செத்திடும்," என்றார் நானா.

அப்படியே ஏற்றினோம். டொங்கிளைக் கழற்றாமல் முருங்கையில் இருந்து இறக்கி, வயரோடு என் தோளில் போட்டேன். வைக்கோலுக்கு நடுவில் மருமகன் திரையில் சிரித்துக்கொண்டிருந்தான். லாண்ட்மாஸ்டர் கிளம்புகிற நேரம் அக்கா கூறைச்சேலையோடு பெட்டியில் ஏறி, கமெராவைக் கழற்றிக் கையில் பிடித்து வெளியே நீட்டினா.

"இந்தா பார் ராசா, வாய்க்கால். இந்தா, நீ விழுந்த பாலம்."

"அது இப்ப கொங்கிறீற் ஆக்கிட்டாங்களே அம்மா!"

"இந்தா ஏ நைன் றோட்டு. கார்ப்பெற் போட்டிருக்கு. வழுவழுவெண்டு."

யூ.பி.எஸ். கத்த, லாண்ட்மாஸ்டர் இரைய, படம் நின்று நின்று வர, சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் எங்களைப் பார்த்தார்கள். அக்கா கமெராவை அவர்கள் பக்கம் திருப்பினா. ஒருவர் கையசைத்தார். யாருக்கு அசைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

"அம்மா, புது ஸ்டேசனைக் காட்டுங்கோ, ரெயில் திரும்ப ஓடுதாமே..."

ஸ்டேசன் றோட்டுக்குத் திரும்பினோம். யூ.பி.எஸ். நீளமாக ஒருமுறை கத்தியது. திரை கறுத்தது.

நானா இஞ்சினைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நான் சொன்னது சொன்னதுதான். உந்தச் சாமான் மேசையில வெல்லாது. ஆனா நிப்பாட்ட ஏலாமச் செய்தவன் புண்ணியவான்."

பிறகு வந்த பதிப்பில் அந்த ஸ்டார்ட் பட்டனைத் திரும்பக் கொண்டுவந்து மூலையில் வைத்தார்கள். நான் மேசைக்குக் கீழே இருந்து ஏசியது எங்கேயோ கேட்டிருக்கிறது என்று சந்தியில் சொல்லித் திரிந்தேன்.

அதெல்லாம் பிறகு. அன்றைக்கு, திரை கறுத்த கையோடு, என் இடுப்பில் போன் அடித்தது. அதே ஒழுங்கில்லாத நீட்டு நம்பர். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"மாமா, ஸ்டேசன் வர முதல் கட்டாகிட்டுது. கடைக்குப் போய்ச் சார்ஜ் ஏத்திட்டுத் திரும்ப ஒருக்கா அதால வாறியளோ?"

சரி என்று சொல்லிவிட்டு, சார்ஜ் ஏறும்வரை கடையில் இருக்கட்டும் என்று அக்காவை இறங்கச் சொல்லத் திரும்பினேன். அவ கமெராவை மடியில் வைத்துக்கொண்டு, வைக்கோலில் இன்னும் வசதியாகச் சாய்ந்து இருந்தா. இறங்குகிற எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.