பால்மா டின்னில் ஒரு கிளாக்கன்று

கிளாக் கொப்பை ஒடித்து மண்ணில் குத்தினால் பிடிக்காது. பிடித்தது என்று யாராவது சொன்னால், அவர் வேறு ஏதோ செடியைக் கிளா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஒடித்த இடத்தில் பால் வடியும். அந்தப் பால் காய்ந்து வாயை அடைத்துக்கொண்டால் வேர் எங்கிருந்து வரும்? கொப்பு தாய்ச்செடியில் இருக்கும்போதே அதை வளைத்து, அடிப்பட்டையைக் கொஞ்சம் சுரண்டி, மண்ணுக்குள் புதைத்து, மேலே ஒரு செங்கல்லைத் தூக்கி வைக்க வேண்டும். மாரி முடியும்வரை அதன் பக்கம் போகக்கூடாது. மழை விட்டபிறகு மெல்ல இழுத்துப் பார்த்தால், வேர் பிடித்திருக்கிறதா இல்லையா என்று கைக்கே தெரியும். பிடித்திருந்தால் தாயிடமிருந்து வெட்டி, அடியில் துளை போட்ட பால்மா டின் ஒன்றில் வைத்து, நிழலில் விடுவேன்.

இவ்வளவையும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பல கொப்புகளைச் சாகடித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டு வளவில் நின்றது சாகாமத்துக் காட்டுப் பக்கம் புதராகக் கிடக்கிற கிளா அல்ல. பூக்கன்று விற்கிறவரிடம் என் கணவர் அழகுக்கென்று வாங்கி வந்த சாதி. இலை தடித்து, எண்ணெய் தடவியது போல மினுங்கும். பூ வெள்ளை, கிட்டப் போனால் மல்லிகை மாதிரி மணக்கும். பழம் நன்றாகச் சிவந்தபிறகு தின்றால் புளிப்பும் இனிப்புமாக இருக்கும், உதட்டில் பால் ஒட்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகள் பழுக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். காயைக் கேட்டு வாங்கிப்போய் உப்பும் கொச்சிக்காய்த்தூளும் போட்டு அச்சாறாக்கித் தின்பார்கள். முள்ளைத்தான் சொல்ல வேண்டும். கொப்பு வெட்டப் போனால் கையில் கோடு விழாமல் திரும்பி வந்த நாள் இல்லை. "உன்ட வாய் மாதிரியே ஒரு செடி கிடச்சிரிக்கி" என்று அவர் என்னைச் சீண்டுவார்.

கடல் எங்களுக்கு அடுத்த தெருவில். உப்புக்காற்றில் ரோசா கருகியது, குரோட்டன் கருகியது. அவர் ஆசைப்பட்டு வைத்த மாதுளை இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நின்றது. கிளா மட்டும் கோடையிலும் பச்சை, மாரியிலும் பச்சை. கடைக்குப் போகுமுன் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளை எடுப்பார். பெரிய தெருவில் சைக்கிள் சாமான் விற்கிற சின்னக் கடை அவருடையது.

பிள்ளை இல்லாததால் செடி வளர்த்தாள் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். பிள்ளை இருந்தாலும் நான் செடி வளர்த்திருப்பேன். பிள்ளைக்கு முள் குத்தாமல் பார்க்கிற வேலை ஒன்று கூடியிருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கம் இறந்தவரின் மையத்தை அடக்கி, மண்ணைக் குவித்து, அடையாளத்துக்கு மீசான் கட்டை நட்டபிறகு, தலைமாட்டில் ஒரு பச்சைக் கன்று வைப்பார்கள். பிறகு தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தண்ணீர் ஊற்றுவார்கள். அந்தப் பச்சை காயாமல் இருக்கும்வரை உள்ளே கிடக்கிறவருக்கு இலேசாக இருக்கும் என்பது எங்களுடைய நம்பிக்கை. பெரும்பாலும் அவசரத்தில் கைக்குக் கிடைத்த கொப்பைக் குத்திவிட்டு வருவார்கள். எங்களை அடக்குகிற கபுறடி கடலோரம். நாலு வெயிலில் அது சருகாகிவிடும். இதைப் பார்த்து மனம் வெந்தவர் என் கணவர். ஒருநாள் எங்கள் வளவில் டின்னில் நின்ற கிளாக்கன்று ஒன்றை எடுத்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரரின் கபுறில் வைத்தார். அது பிடித்துக்கொண்டது. பூத்துக் காய்த்தது. அன்றிலிருந்து ஊரில் ஒருவர் மவுத்து என்றால் எங்கள் வாசலுக்கு ஆள் வரும். எப்போதும் சில டின்களைத் தயாராக வைத்திருப்போம்.

இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று சிலர் அவரிடம் கதைக்க வந்தார்கள். அவர் சண்டை பிடிக்கவில்லை. "பழத்தக் குருவி தின்னும் மச்சான். குருவி தின்டாலும் நன்மைதானே, அதுல உங்களுக்கு என்ன நட்டம்?" என்றார். நானாக இருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

பெண்கள் நாங்கள் கபுறடிக்குப் போவதில்லை. அதனால் நான் வளர்த்த கன்றுகள் வளர்ந்து நிற்பதை நான் பார்த்ததே கிடையாது. அவர் வந்து சொல்லுவார்: இன்னாருடைய தலைமாட்டில் இடுப்பளவு வந்துவிட்டது, இன்னாருடையதை ஆடு கடித்துவிட்டது என்று. நான் சோறு போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

ஒருமுறை கன்றுகளை டின்னுக்கு மாற்றியபோது, அவற்றில் கொப்பு நன்றாகப் பிரிந்த ஒன்றை எடுத்து மதில் ஓரத்தில் தனியாக வைத்தார்.

"இது ஆருக்கும் குடுக்காத. நம்மட ரெண்டு பேர்ல முந்திப் போற ஆளுக்கு."

"நான் முந்திப் போனா நீங்க வேறொருத்தியக் கட்டிருவயள். கண்டுக்கு ஆரு தண்ணி ஊத்துற?"

"வாறவளுக்கு அதான் முதல் வேல" என்றார்.

கையிலிருந்த மண்ணை அவர்மேல் எறிந்தேன். இரண்டு பேரும் சிரித்தோம். மவுத்தைப் பற்றி அப்படிச் சிரித்துப் பேச முடிந்திருக்கிறது. அடக்க ஓர் இடம் இருக்கும் என்பதில் சந்தேகம் இல்லாதவர்கள்தான் அப்படிச் சிரிப்பார்கள்.

பிறகு அந்த நோய் வந்தது. உலகம் முழுக்க வந்ததுதான். எங்கள் நாட்டில் அதோடு இன்னொன்றும் வந்தது. அந்த நோயில் இறந்தவர்களை மண்ணில் அடக்கினால் நிலத்தடித் தண்ணீர் கெட்டுவிடும், எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். எங்களுக்கு எரிப்பது என்பது என்னவென்று விளங்காதவர்களுக்கு நான் எதைச் சொல்லி விளக்குவேன்? மையத்தைக் குளிப்பாட்டும்போது தண்ணீர் சூடாக இருந்தால் நோகும் என்று விரலை விட்டுப் பார்த்து ஊற்றுகிற ஆட்கள் நாங்கள்.

அவருக்கு இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் இருந்தது. இருமல் தொடங்கியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. அம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. வீட்டுக்குள் யாரும் வரவில்லை. அவர் தானாக நடந்து போனார். வாசல் படலையடியில் திரும்பி, "அந்தப் பக்கக் கொப்புல வெள்ளப்பூச்சி பிடிச்சிரிக்கி. சவுக்காரத் தண்ணி அடி" என்றார். அதுதான் நேரில் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை. சவுக்காரத் தண்ணி.

தொலைபேசியில் ஒரு தடவை கதைத்தார். மூச்சு வாங்கியது. "பயமா இரிக்கி புள்ள" என்றார். சாவுக்குப் பயந்த மனிதர் அல்ல அவர். எதற்குப் பயந்தார் என்று எனக்குத் தெரியும். "அல்லாஹ் இரிக்கான், ஒண்டும் நடக்காது" என்றேன். வேறு எதைச் சொல்வது?

மவுத்துச் செய்தி என் தம்பிக்குத்தான் வந்தது. அடக்குவதற்கு அனுமதி வரப்போகிறது, கொழும்பில் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று அந்த நாட்களில் ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அந்தப் பேச்சைத் தவிர பிடிக்க வேறு கொப்பு இல்லை. தம்பி வாகனத்தில் ஏறப்போகும்போது ஓடிப்போய் மதிலோரத்து டின்னைத் தூக்கினேன். இலைகளைச் சீலைத் தலைப்பால் துடைத்தேன். மையத்துக்குப் போகிற ஆளின் கையில் கன்றைக் கொடுத்துவிடுவது அத்தனை வருடத்துப் பழக்கம்.

"இதையும் கொண்டு போ மனே. மண் கிடச்சா வெச்சிட்டு வா."

தம்பி டின்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வாங்கி, காலடியில் வைத்துக்கொண்டு போனான். வேண்டாம் ராத்தா என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு நினைத்திருக்கிறேன். பாவம், அவன் எப்படிச் சொல்வான்?

இருட்டுகிற நேரம், மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிய வாகனச் சத்தம் கேட்டது. அவன் இறங்கி வந்தான். கையில் டின் இருந்தது.

கேட்க வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த டின் அவன் கையில் இருந்ததைப் பார்த்ததுமே எல்லாம் விளங்கிவிட்டது. வாகனச் சூட்டில் இலைகள் துவண்டு தொங்கின. அவன் அதை மதிலோரத்தில் வைத்துவிட்டு, மதிலில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றான்.

"கிட்டப் போக விடல்ல ராத்தா. தூரத்தில நிண்டுதான் பாத்தன்."

"கண்டுக்குத் தண்ணி ஊத்தினயா?" என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. அவன் அப்போதுதான் சத்தமாக அழுதான்.

அவருக்காக வீட்டோடு இத்தா இருந்த மாதங்களில் நான் வளவுக்குள்ளும் சரியாக இறங்கவில்லை. யன்னலால் பார்த்தால் கிளா தெரியும். வெள்ளைப்பூச்சி கொப்புக் கொப்பாக ஏறியது. சவுக்காரத் தண்ணீர் அடிக்க ஐந்து நிமிட வேலை. அடிக்கவில்லை. கொப்புகள் நினைத்தபடி வளர்ந்து நடைபாதையை மறித்தன. பழம் விழுந்து அழுகி எறும்பு மொய்த்தது. இப்படியே காய்ந்து செத்துப்போ என்று யன்னலில் இருந்து அதற்குச் சொல்லியிருக்கிறேன். சாகவில்லை. அதன் சாதியே அப்படி.

அவர் போய்க் கொஞ்ச நாளிலேயே அடக்க அனுமதி வந்தது. எங்கோ தூரத்தில் ஒரு காணியில் அடக்கலாம் என்றார்கள். பிறகு அவரவர் ஊரிலேயே என்றார்கள். ஊர் அல்ஹம்துலில்லாஹ் என்றது. நானும் சொன்னேன். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நாள். அவருடைய மூச்சு இன்னும் கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடந்திருந்தால் அவருக்கும் மண் கிடைத்திருக்கும். இந்தக் கணக்கை நான் போடாத நாள் இல்லை.

ஆட்கள் மறுபடி கன்று கேட்டு வந்தார்கள். கொடுத்தேன். மறுபடி கொப்பு வளைத்தேன், செங்கல் வைத்தேன். கை தன் பாட்டில் வேலை செய்தது. மதிலோரத்து டின்னை மட்டும் யாரும் தொட விடவில்லை. வளவில் நட்டுவிடு என்று தம்பி சொன்னான். வளவில் நட்டால் அது வேலிச்செடி. அதற்கு ஒரு தலைமாடு வேண்டும். அது டின்னிலேயே நின்று கட்டையாக வளர்ந்து, இரண்டு மூன்று பூவும் பூத்தது. தினமும் பின்னேரம் அதற்குத் தண்ணீர் ஊற்றுவேன்.

இந்த வருடம் மாரிக்கு முன்னால் அவருடைய கூட்டாளி மவுத்தானார். கடை சாத்தியபிறகு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பள்ளிக்குப் போவார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். அதற்கு முன்னால் அவருடைய மகன் வந்து நின்றான். முகம் வீங்கியிருந்தது.

"மாமி, வாப்பாக்கு ஒரு கண்டு."

"இல்ல மனே. எல்லாம் முடிஞ்சிது."

உண்மைதான். புதைத்த கொப்புகள் இன்னும் வேர் விடவில்லை. அவன் தலையாட்டிவிட்டுத் திரும்பும்போது மதிலோரம் கண் போனது.

"அது நிக்கிதே மாமி?"

"அது குடுக்கேலா. அது ஆளுக்குரியது."

"ஆருக்கு மாமி?"

"மாமாக்கு" என்றேன்.

"மாமாக்கு எங்க..." என்று தொடங்கியவன் அப்படியே நிறுத்திவிட்டான். பிறகு, "மன்னிச்சிருங்க மாமி" என்று சொல்லிவிட்டுப் படலையைத் திறந்தான்.

எனக்கு வந்தது பொறாமை. இவ்வளவு வயதில், ஒரு மையத்தின்மேல் பொறாமை. அந்த மனிதருக்குக் குளிப்பாட்டக் கை இருந்தது, போர்த்தக் கபன் இருந்தது, தோளில் தூக்க ஊர் இருந்தது, குழி இருந்தது. இதில் கன்றும் வேண்டுமா? அப்படித்தான் நினைத்தேன். பிறகு டின்னைப் பார்த்தேன். அதில் துருவேறி ஒரு பக்கம் வெடித்திருந்தது. இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. இடம் இல்லாத ஒருவருக்காக அதையும் இடம் இல்லாமல் வைத்திருந்தேன்.

"மனே, நில்லு" என்றேன். "தூக்கிட்டுப் போ. டின்னோட வெச்சிராத, டின்ன வெட்டிப் போட்டு வை."

அவன் குனிந்து தூக்கினான். டின் உடனே வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தான். ஏதோ அறுகிற சத்தம் கேட்டது. அவன் போய்விட்டான்.

பின்னேரம் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பழக்கத்தில் மதிலோரம் போனேன். டின் நின்ற இடத்தில் துருவில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் வெள்ளை வெள்ளையாக அறுந்த வேர்கள். அடித்துளையால் இறங்கி, எனக்குத் தெரியாமல் அது அந்த மண்ணைப் பிடித்திருக்கிறது. கபுறடிப் பக்கமிருந்து ஆட்கள் திரும்பி வருகிற சத்தம் தெருவில் கேட்டது.

வாளியைச் சரித்து, வட்டத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தண்ணீர் ஊற்றினேன்.