நானேதான் நிறுத்தினேன்

பைண்டிங் பட்டறையில் அவளுக்கு விசில் என்று பெயர். சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு. தாள் தூசி கொஞ்சம் கூடினால் போதும், நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கிளம்பும். "மூணு விசில் ஆயிடுச்சு, இறக்கிடலாம்" என்று கட்டிங் மிஷின்காரர் கிண்டலடிப்பார். அவளும் சிரித்துக்கொண்டே பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி இழுத்துக்கொள்வாள். காலையும் மாலையும் தினமும் போடுவது ஒன்று. திணறும்போது போடுவது இன்னொன்று. பல் துலக்குவது மாதிரி பழகிப்போன காரியம்.

கல்யாணமாகி ஐந்தாம் வருடம் கர்ப்பமானாள். வீட்டில் யாருக்கும் கால் தரையில் பாவவில்லை. எல்லோரையும்விட அதிகம் பூரித்தவள் நாத்தனார். கணவனின் அக்கா, பிள்ளையில்லை என்று புருஷன் விலக்கிவிட, தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அன்னாசி ஆகாது, மீன் ஆகாது, காபி ஆகவே ஆகாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தினாள். ஒரு நாள் இன்ஹேலர் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்து வாசித்தாள்.

"கர்ப்பிணிங்க டாக்டரைக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே. எதுக்கும்மா வம்பு? நிறுத்திடேன்."

"டாக்டரையே கேட்டுடலாமா அண்ணி?"

"மருந்து எழுதித் தர்றவங்களே வேணாம்னா சொல்லப் போறாங்க?"

அவளுக்கும் உள்ளூர அந்தப் பயம் இருந்தது. இரண்டையுமே நிறுத்திவிட்டாள். பரிசோதனைக்குப் போனபோது, மருந்தெல்லாம் ஒழுங்காகப் போடுகிறாயா என்று கேட்ட நர்ஸிடம் வெறுமனே தலையை ஆட்டினாள்.

நிறுத்திய முதல் மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு படியேற முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினாள். வயிறு பெருத்தால் அப்படித்தான் என்றார்கள். ஏழாம் மாதத்தில் ஒரு முற்பகல், தாள் மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேஜைமேல் சரிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கட்டிங் மிஷின்காரர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த பையன் பிழைக்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். "இன்ஹேலரை யாரும்மா நிறுத்தச் சொன்னது?"

நாத்தனார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நானேதான் நிறுத்தினேன்" என்றாள் கட்டிலில் கிடந்தவள்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "இதனாலதான் போச்சுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா நீங்க போட்டுக்கிட்டிருந்த மருந்தை எத்தனையோ கர்ப்பிணிங்க போடறாங்க. அதனால குழந்தைக்குக் கெடுதல்னு ஆராய்ச்சியில தெரியல. உங்களுக்கு மூச்சு முட்டினாத்தான் குழந்தைக்கு ஆபத்து. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

மூன்றாம் நாள் பால் சுரந்தது. குழந்தை இல்லாவிட்டாலும் பால் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மார்பு கல்லாய் இறுகி, ரவிக்கை நனைந்து, வெட்கமும் வலியுமாகச் சுருண்டு படுத்திருந்தாள். நாத்தனார் துணியைக் குளிர்ந்த நீரில் பிழிந்து பிழிந்து வைத்தாள். பால் வற்றும்வரை அந்த வேலையை வேறு யாரிடமும் விடவில்லை.

நாலு வருடம் கழித்து மறுபடி உண்டானாள். இந்தத் தடவை ஒரு வேளைகூட இன்ஹேலர் தவறவில்லை. நாள் நிரம்பி, மூன்று கிலோ எடையில், ஊரைக் கூட்டும் அழுகையோடு பெண் பிறந்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் குழந்தையைப் பார்க்கப் பார்க்க உடைந்துபோனாள். இப்படித்தானே அவனும் வந்திருப்பான்.

நாத்தனார் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"அன்னைக்கு நீ என்னைக் காட்டிக் குடுத்திருக்கலாம்" என்றாள்.

"குடுத்திருந்தா உங்க தம்பி உங்களை வீட்டுல வெச்சிருக்க மாட்டாரு. அப்புறம் எங்க போவீங்க அண்ணி?"

குழந்தையை மடியில் வாங்க நாத்தனாருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. மூத்தவனைப் பற்றி அந்த வீட்டில் அதற்கப்புறம் பேச்செழவில்லை. அவள் மட்டும், குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதெல்லாம், அவன் வயதை மனசுக்குள் எண்ணிக்கொள்வாள்.