எந்தப் படகு என்று எனக்குத் தெரிந்திருந்தது

கையெழுத்துக்காக முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஸ்பானர் பிடித்துக் காய்த்த விரல்களில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் அரசாங்கத்திடம் பொய் சொன்னேன். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டு ஒரு முறை. ஓர் அதிகாரியின் முகத்தைப் பார்த்து இன்னொரு முறை. அந்தப் பொய்யின் மேல் இன்று ஒரு பேட்டன்ட் நிற்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது!

இந்தத் தீவில், பாம்பூஃப்ளாட்டில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவனுக்கும் பேட்டன்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு கண்டுபிடிப்பு இன்னாருடையது என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கும் உரிமை அது. அப்படி ஒரு காகிதம் உலகத்தில் உண்டு என்பதே எனக்கு ஐம்பது வயதுக்குப் பிறகுதான் தெரியும்.

என் பட்டறை, ஜெட்டி என்கிற படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரம். டுங்கி என்று இங்கே சொல்லும் சின்ன மோட்டார் படகுகள்தான் என் பிழைப்பு. வங்காளி, தெலுங்கர், மலையாளி, நம்மவர், எல்லோருக்கும் நான் மிஸ்திரி. அந்தோணி என்ற பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொண்டதில்லை. நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் பிறவி நான். இன்ஜினோடு இருந்தால் பேச வேண்டியதில்லை. அது பேசும், நான் கேட்பேன்.

அந்தக் காதைத் தேடித்தான் சுகந்தி மேடம் வந்தார். ஃபெர்ரியில் அக்கரை போனால் வரும் டெலானிபூரில் அரசுக் குடியிருப்பில் இருப்பவர். தொழிற்கல்லூரி ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நடுக்கடலில் நின்றுபோகப் போகிற இன்ஜினைக் கரையில் இருக்கும்போதே கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். கம்ப்யூட்டருக்கு இது நல்ல சத்தம், இது கெட்ட சத்தம் என்று ஆயிரம் தடவை காட்டிக் கொடுத்தால், பிறகு அதுவே பிரித்துச் சொல்லுமாம். மிஷின் லேர்னிங் என்றார்.

காட்டிக் கொடுப்பது யார்? நான்தான்.

ஒரு வருடம் அவர் ஜெட்டியில் நின்று படகுகளின் சத்தத்தைப் பதிவு செய்தார். பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு எண்களை மட்டும் போட்டு, எல்லாவற்றையும் கலைத்து என்னிடம் கொண்டு வந்தார். காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன், எழுத ஒரு பள்ளிக்கூட நோட்டு. நல்லதுக்கு வட்டம், கெட்டதுக்குப் பெருக்கல் குறி.

"கண்ணைக் கட்டி விட்ட மாதிரி நினைச்சுக்கங்கண்ணே. எது யாரோட படகுன்னு இப்ப எனக்கே தெரியாது" என்று சிரித்தார்.

முதல் சத்தம் காதில் விழுந்தது. ஒரு மூச்சு விடுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது... அது பிஸ்வாஸின் படகு! அதன் சைலன்சர் ஓட்டையைப் பால்பவுடர் டின்னை வெட்டி அடைத்தவன் நான்தான். அந்தத் தகரம் நடுங்குகிற நடுக்கம் வேறு எந்தப் படகுக்கும் இல்லை. பிஸ்வாஸின் பேரிங் வருடத்துக்கு இரண்டு முறை போகும். பெருக்கல் குறி போட்டேன்.

இரண்டாவது லூர்து அண்ணனுடையது. அவர் எண்ணெய் மாற்றத் தவறாதவர். வட்டம் போட்டேன். மூன்றாவதில் போல்ட்டுக்குப் பதில் மரக்கட்டை செருகியிருக்கும்...

இப்படியே நோட்டு நிறைந்தது. அடையாளம் தெரியாத படகுகள் மிகக் கொஞ்சம். அவற்றில் மட்டும்தான் நான் நிஜமாகவே இன்ஜினைக் கேட்டேன்.

இதில் ஏதோ தவறு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது! ஒருவரை நடையை வைத்து அடையாளம் காண்பது தவறா? அதுதான் என் தொழில், அதைத்தான் மேடம் கேட்கிறார் என்று நினைத்தேன். சிறிய துறைமுகத்தில் ஒரே மிஸ்திரியாக முப்பது வருடம் இருந்தவனுக்கு எண்ணைப் போட்டு மறைத்தால் படகு மறைந்துவிடுமா?

பெட்டி தயாரானது. ஒரு காலை லூர்து அண்ணன் படகில் வைத்துப் பார்த்தோம். பச்சை விளக்கு. பிஸ்வாஸின் படகுக்கு மாற்றினோம். நான் மனதுக்குள் 'கெட்டது' என்று நினைத்து முடிப்பதற்குள் சிவப்பு எரிந்தது... உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. பேசாத, சாப்பிடாத, கடலைப் பார்த்தேயிராத ஒரு பெட்டி என் மனதுக்குள் புகுந்து பார்த்துவிட்டது போல இருந்தது. அன்று முழுவதும் ஒரு நட்டு கூட ஒழுங்காக முடுக்க முடியவில்லை.

மேடம் பேட்டன்டுக்கு விண்ணப்பித்தார். கண்டுபிடித்தவர்கள் என்ற இடத்தில் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதினார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் சத்தமில்லை. பிறகு பேட்டன்ட் அலுவலகப் பரிசோதகரின் கடிதம் வந்தது. கல்கத்தாவிலிருந்து ஆங்கிலத்தில், பல பக்கங்கள். மேடம் பட்டறையில் பெயின்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்து எனக்குத் தமிழில் சொன்னார். இதற்கெல்லாம் உரிமை தர முடியாது என்பதுதான் கடிதத்தின் சாரம். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முதல் மறுப்பு, வெளிநாட்டில் தொழிற்சாலை மோட்டாரின் சத்தம் கேட்கும் கருவி முன்பே இருக்கிறது என்பது. இரண்டாவது, வெறும் கணக்கும் கம்ப்யூட்டர் நிரலும் நம் சட்டப்படி பேட்டன்ட் பெறாது என்பது.

மேடம் துவண்டுபோனார். அவரைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வாயைத் திறந்தேன். தொழிற்சாலையில் தரை ஆடாதே, நமக்கு அலை ஏறும்போது இன்ஜின் ஒரு குரலில் பேசும், இறங்கும்போது வேறு குரலில் பேசும், அந்த இரண்டுக்கும் நடுவில்தானே நோய் தெரியும் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பெட்டிக்குள் சாய்மானத்தை அளக்கும் ஒரு சில்லு ஏற்கெனவே இருந்ததாம். அதையும் சத்தத்தையும் சேர்த்து ஒப்பிடுவதுதான் எங்கள் கண்டுபிடிப்பு என்று உரிமைக் கோரிக்கையைத் திருத்தி எழுதினார். நான் பட்டறையில் முனகிய ஒரு வரி, சட்டத்தின் ஆங்கிலத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியமாகி நின்றது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தேன்...

மூன்றாவது மறுப்புதான் நான் உங்களிடம் சொல்ல வந்தது.

பரிசோதகர் கேட்டிருந்தார்: சத்தங்களைத் தரம் பிரித்த நிபுணருக்கு, அவை எந்தப் படகினுடையவை என்று தெரியுமா? தெரிந்திருந்தால், கருவி பழுதைக் கற்றதா, படகைக் கற்றதா?

நீங்களே சொல்லுங்கள்! அந்த மனிதர் டுங்கியில் ஏறியிருப்பாரா? பிஸ்வாஸைத் தெரியுமா? பால்பவுடர் டின்னைத் தெரியுமா? கடலுக்கு அந்தப் பக்கம் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, காகிதத்தை மட்டும் வாசித்து, என் காதுக்குள் நடந்ததைக் கண்டுபிடித்துவிட்டாரே! ஃபாதர் முன்னால் முழங்காலிடும்போது கூட எனக்கு அப்படி ஒரு நடுக்கம் வந்ததில்லை. பயமா அது? பயம் மட்டும் இல்லை. இவ்வளவு கூர்மையான மனிதர்கள் இந்த உலகத்தில் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் என்னைப் பற்றி யோசித்திருக்கிறார் என்கிற திகைப்பு.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது, நான் செய்தது என்ன என்று.

"பேரையெல்லாம் எடுத்துட்டுத்தானே குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுல்லண்ணே?" என்றார் மேடம். கேள்வியாகக் கூட இல்லை. தாளில் பதிலை எழுதத் தொடங்கியே விட்டார்.

"தெரியாது மேடம்" என்றேன்.

ஏன் சொன்னேன்? மூன்று வருட உழைப்பு வீணாகிவிடும் என்ற இரக்கமா? அப்படித்தான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கம் இல்லை... அந்தத் தாளில் 'நிபுணர்' என்று இருந்தது. வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை. படகுகளைத் தெரியும் என்று சொன்னால் நான் திரும்பவும் வெறும் மிஸ்திரி. அவ்வளவுதான் காரணம்.

அதையே எழுதிய பிரமாணப் பத்திரத்தில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். சில மாதம் கழித்து விசாரணை வந்தது. மேடத்தின் வீட்டில் கம்ப்யூட்டர் திரையில் ஓர் அதிகாரி தோன்றினார். மெதுவாகப் பேசுகிறவர், நரைத்த மீசை. மேடம் ஆங்கிலத்தில் ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் சொன்னார். கடைசியில் அந்த நிபுணர் பக்கத்தில் இருக்கிறாரா என்று அதிகாரி கேட்டார். மேடம் என்னைத் திரைக்கு முன்னால் இழுத்து உட்கார வைத்தார்.

"மிஸ்திரி ஜி, ஆவாஸ் சுன்தே வக்த் ஆப்கோ மாலூம் தா, கௌன் சா போட் ஹை?"

சத்தம் கேட்டபோது எந்தப் படகு என்று தெரியுமா? அதே கேள்வி! எனக்குப் புரியும் மொழியில், மரியாதையோடு.

"நஹீ சாப்" என்றேன், தெரியாது ஐயா என்று.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலையை அசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். நம்பிவிட்டார்! அவ்வளவு பெரிய கேள்வியைக் கண்டுபிடித்த இடம், என்னுடைய இரண்டு சொல்லை நம்பிவிட்டது. கூச்சத்தால் தலைகுனிந்து சொன்னதை உண்மையின் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்களோ?

பேட்டன்ட் கிடைத்தது. சான்றிதழில் என் பெயரைப் பார்த்து என் மனைவி அழுதாள்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். தபன் என்ற மீனவர் வடக்கே இருக்கும் மாயாபந்தரிலிருந்து பழைய டுங்கி ஒன்றை வாங்கி வந்தார். நான் அதுவரை பார்த்திராத படகு. சோதனைக்காக மேடம் அதில் ஒரு பெட்டியைப் பொருத்தினார். பச்சை எரிந்தது. பச்சையை நம்பித் தபனும் அவர் தம்பியும் தூரக் கடலுக்குப் போனார்கள். கியர்பாக்ஸ் இறுகி நின்றுவிட்டது. இரண்டு நாள் தண்ணீரில் மிதந்தார்கள். வேறொரு படகு கண்டு இழுத்து வந்தது. உதடு வெடித்து, தோல் உரிந்து, உயிரோடு வந்தார்கள்.

தபன் என் பட்டறைக்கு வந்தார். சண்டை போடவில்லை.

"டப்பா ஹரா திகாயா, மிஸ்திரி. தும்ஹாரா கான் ஹோதா தோ ஐஸா நஹீ ஹோதா" என்றார். பெட்டி பச்சை காட்டியது, உன் காது இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்கிறார். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? என் காதுதானே அந்தப் பெட்டிக்குள் இருந்தது!

சோதனைக்காகப் படகுகளில் பொருத்தியிருந்த பெட்டிகளையெல்லாம் மேடம் திரும்ப வாங்கிவிட்டார். அன்றிலிருந்து தன் தவறைத் தேடுகிறார். மைக்கை மாற்றினார். உப்புக்காற்று புகாத உறை போட்டார். கணக்கை முதலிலிருந்து எழுதினார். மாயாபந்தர் படகுகளின் சத்தங்களைப் பதிவு செய்து என்னிடம் கொண்டு வந்தார். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினேன்... ஒரு முகமும் வரவில்லை. வெறும் இரைச்சல். கையை வைத்து, புகையைப் பார்த்து, சொந்தக்காரனிடம் நாலு கேள்வி கேட்டால் என்னால் சொல்ல முடியும். காதால் மட்டும் முடியவில்லை. முப்பது வருடம் காது என்று நான் நினைத்திருந்தது பழக்கம்தானா? அப்படியானால் அந்தப் பெட்டி ஒரு பிழையும் செய்யவில்லையே! தெரிந்த படகைத் தெரியும் என்றது, தெரியாத படகில் விழித்தது. என்னை அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

குத்துமதிப்பாக வட்டமும் பெருக்கலும் போட்டுக் கொடுத்தேன். ஆமாம், மறுபடியும்.

நேற்று மத்தியானம் மேடம் வந்திருந்தார். மெலிந்திருந்தார். தலைமுடியில் நரை தெரிந்தது. பரிசோதகரின் பழைய கடிதத்தைப் பையிலிருந்து எடுத்து மடியில் விரித்தார்.

"எல்லா இடத்துலயும் தேடிட்டேன்ணே. இந்த மூணாவது கேள்வி ஒண்ணுதான் பாக்கி. ஆனா அதுக்கு நீங்க சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கீங்க. அதனால அந்தப் பக்கம் நான் போகவே இல்ல."

ஜெட்டியைப் பார்த்தேன்.

"மூணு மணி ஃபெர்ரி வந்துருச்சு மேடம்" என்றேன்.

அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

பாம்பூஃப்ளாட்,
தவக்காலத்து மூன்றாம் வெள்ளிக்கிழமை.